பதில் மணி

மணி ஒரே ஒரு தரம்தான் அடித்தது. அதுவும் ஒழுங்காக அடிக்கவில்லை. யாரோ விரல் நகத்தால் சுண்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டது போல, பாதிச் சத்தத்தில் நின்றுவிட்டது.

மரியசூசையின் கவனம் அப்போது மணியில் இல்லை. ரயில்வே கேட் ரூம் வாசலில் நின்றுகொண்டு, தண்டவாளத்துக்குக் கிழக்கே தன் ஊரான அந்தோணியார் கொட்டாய்ப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். தூறலும் இருட்டும் ஒன்றாகச் சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தன. அங்கே, அவர் வீட்டில், அவருடைய ஒரே மகள் ராயம்மாள் மத்தியானத்திலிருந்து இடுப்புவலியில் கிடக்கிறாள். தலைப்பிரசவம். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளப் பெற்றவள் இல்லை. மதலேனம்மாள் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. நர்ஸம்மா செல்லம்மாளும் மாப்பிள்ளை சவரியும்தான் துணை. மரியசூசையை மாற்றிவிட வரவேண்டிய ஆளைக் காணோம். கேட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடவும் முடியாது. என்னை இந்த வேலைக்குப் போட்டவன் நல்லா இருப்பானா என்று அவர் வாய்க்குள் முனகிக்கொண்டிருந்தபோதுதான் அந்த மணி வந்தது.

பல வருஷத்துப் பழக்கம். மணி கேட்டால் மனசைக் கேட்காமலே கை எழுந்துவிடும். உள்ளே போய் இரும்புச் சக்கரத்தைச் சுற்றினார். ரோட்டின் இரண்டு பக்கமும் சிவப்பும் வெள்ளையும் பூசிய நீளக் கம்பங்கள் கிறீச்சிட்டுக்கொண்டு இறங்கிப் படுத்தன. பூட்டைப் பூட்டினார். சாவியை எடுத்து, சுவரில் இருந்த சாம்பல் நிறப் பெட்டிக்குள் நுழைத்துத் திருப்பினார். பெட்டியின் நெற்றியில் சிவப்பு பல்ப் எரிந்தது. பொத்தானை ஒரு தரம் அமுக்கினார். அதுதான் பதில் மணி. ஸ்டேஷனில் போய் அடிக்கும். கேட் மூடியாச்சு, வண்டி வரலாம் என்று அர்த்தம்.

கையை எடுத்த பிறகுதான் யோசனையே வந்தது. என்ன வண்டி?

சாயங்காலப் பாசஞ்சர் வெளிச்சம் இருக்கும்போதே போய்விட்டது. இனி ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு கூட்ஸ். நடுவில் இந்தப் பாதையில் ஒரு வண்டியும் கிடையாது. மரியசூசை போனை எடுத்துக் கைப்பிடியைச் சுற்றினார். ஸ்டேஷன் மாஸ்டர் கோவிந்தன் எடுத்தார். சின்ன வயசுக்காரர், பென்னாகரத்துப் பக்கம், மரியாதை தெரிந்த மனுஷன். எந்த வண்டிக்கு மணி அடிச்சீங்க என்று மரியசூசை கேட்டார்.

“நான் அடிக்கலீங்களே அண்ணே. உங்க பதில் மணி மட்டுந்தான் இங்க வந்துச்சு. சும்மா எதுக்கு அடிக்கிறாருன்னு நானே கேக்கலாம்னு இருந்தேன்.”

மரியசூசை திரும்பி மணியைப் பார்த்தார். மணி அடித்தது ஸ்டேஷன் இல்லை. அப்படியானால் வரலாம் என்று தான் சொன்னது யாருக்கு?

மழையில் ஒயர் ஏதாவது உரசியிருக்கும் என்று கோவிந்தன் சமாதானம் சொன்னார். ஆனால் அதற்கு மேல் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. அதுதான் இந்தப் பெட்டியின் லட்சணம். முன்பெல்லாம் கேட்டுக்கு ஒரு சங்கிலி, ஒரு பூட்டு. சாவி மரியசூசையின் இடுப்பில் இருக்கும். வண்டி போனால் திறப்பார்; வரத் தாமதமானால் ஸ்டேஷனைக் கேட்டுக்கொண்டு திறப்பார். போன வருஷம் மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்து, சோதனைக்கு என்று சொல்லி இந்தப் பெட்டியை மாட்டினார்கள். எல்லாம் ஆட்டோமேட்டிக். சாவி ஒரு தரம் உள்ளே போய்ப் பதில் மணியும் அடித்துவிட்டால், பிறகு வண்டியின் சக்கரம் கேட்டைத் தாண்டி ஒரு தண்டவாளத் துண்டை மிதிக்க வேண்டும். மிதித்தால்தான் பெட்டி சாவியை விடும். மனுஷன் மறப்பான், தூங்குவான், இரக்கப்படுவான், இது எதுவும் பண்ணாது என்று கண்ணாடி போட்ட என்ஜினீயர் பெட்டியைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார். அவசரத்துக்கு ஒரு மாற்றுச் சாவி உண்டு. அது ஸ்டேஷனில் இருக்கிறது. போர்ட்டரிடம் கொடுத்துச் சைக்கிளில் அனுப்புகிறேன், சேற்றில் வர நேரம் ஆகும் என்று சொல்லிக் கோவிந்தன் போனை வைத்தார்.

ஆகவே இப்போது ஒரு வண்டி போயாக வேண்டும். போகாமல் கேட் திறக்காது. வண்டியோ கிடையாது. மரியசூசை பெட்டியை முறைத்துப் பார்த்தார். சிவப்பு பல்ப் இமைக்காமல் எரிந்தது.

அவர் லாந்தரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். ஊரில் கரண்ட் போயிருந்தது; பெட்டிக்கு மட்டும் பேட்டரி. கிழக்கே ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. மேற்கே ரொம்ப தூரத்தில், தொப்பூரிலிருந்து ஏறிவரும் லாரிகளின் விளக்குகள் ஹைவேயில் நகர்ந்தன. நடுவில் கருவேலங்காடும், ஈரமண் வாசனையும், ரோட்டோரக் குட்டைகளில் தவளைச் சத்தமும். மழைக்காலத்தில் இந்தத் தவளைகள் காதைக் கிழித்துவிடும். அவர் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தச் சத்தம் குறைந்தது. ஒரேயடியாகக் குறையவில்லை. தெற்கே, கணவாய்ப் பக்கம், கடைசிக் குட்டையில் முதலில் நின்றது. பிறகு அதற்கு இப்பால் உள்ள குட்டையில். பிறகு பனைமரத்துக் குட்டையில். மௌனம் தண்டவாளத்தை ஒட்டியே ஒவ்வொரு குட்டையாக வந்துகொண்டிருந்தது.

தெற்கேயிருந்து, இந்த நேரத்துக்கு, முன்பு ஒரு வண்டி வரும். அது அவருக்கு ஞாபகம் வந்தது. வேண்டாம் என்று நினைத்தும் வந்தது.

ஷட்டில் என்று பெயர். காலையில் சேலத்துப் பக்கம் கூலிக்குப் போகிற சனம் எல்லாம் சாயங்காலம் அதில்தான் திரும்பும். மில்லுக்குப் போனவர்கள், கொத்தனார், சித்தாள், கூடைக்காரிகள். ஏற்றம் ஏறி வந்த களைப்பில் இந்தக் கேட்டுக்குப் பக்கத்தில் வண்டி நடை வேகத்துக்கு வந்துவிடும். கொட்டாய்க்காரர்கள் ஸ்டேஷன் வரை போகாமல் இங்கேயே குதித்துவிடுவார்கள். குதிக்கக் கூடாது என்று மரியசூசை கத்துவார். கத்திக்கொண்டே தன் பெண்டாட்டி எந்தப் பெட்டியில் வருகிறாள் என்று பார்ப்பார். மதலேனம்மாள் சீத்தாப்பழக் கூடைக்காரி. முதலில் வெறுங்கூடையை வீசுவாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்குவாள். என்னா கேட்டுக்காரரே, டூட்டி முடிஞ்சுதா என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேலி பண்ணிவிட்டுப் போவாள்.

ஷட்டிலுக்கு விபத்து ஒன்றும் நடக்கவில்லை. யாரும் சாகவில்லை. பஸ் நிறைய வந்துவிட்டது, டிக்கெட் குறைந்துவிட்டது, அதனால் நிறுத்திவிட்டார்கள். பேப்பரில் ஒரு மூலையில் போட்டார்கள். அவ்வளவுதான். அந்த வண்டி நின்ற மறு வருஷம் மதலேனம்மாள் செத்தாள். இந்தச் சாவிப் பெட்டி அதற்கும் பிறகு வந்தது. பெட்டிக்கும் அந்த வண்டிக்கும் முகம் பார்த்த பழக்கம்கூடக் கிடையாது.

குட்டைகள் எல்லாம் அடங்கிவிட்டன. தூறல் சத்தம்கூட எங்கோ தள்ளிப் போன மாதிரி இருந்தது. அப்போது தண்டவாளம் லேசாக முனகியது. மரியசூசை லாந்தரை ஜல்லியில் வைத்துவிட்டு, மண்டியிட்டு, ஈர இரும்பில் காதை வைத்தார். வண்டி தூரத்தில் இருந்தால் சக்கரத்தின் ஓட்டம் இரும்பில் கேட்கும். காது பழகிய சத்தம் அது.

சக்கரம் கேட்கவில்லை. பேச்சு கேட்டது.

முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஒரு பெட்டி நிறையச் சனம் உட்கார்ந்து பேசிக்கொண்டு வரும் இரைச்சல். யாரோ இருமினார்கள். யாரோ சிரித்தார்கள். ஒரு குழந்தை சிணுங்கியது. அதற்கு மேலாக, மூக்கால் இழுத்து, கடைசி எழுத்தை மேலே தூக்கி விற்கிற ஒரு குரல். சீத்தா. சீத்தாப்பழம்.

அவர் தலையைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தார். காது ஓரம் இரும்பின் குளிர் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் பார்த்தார். தண்டவாளம் வெறிச்சென்று கிடந்தது. பீடி வாசனை வந்தது. அதோடு கனிந்து வெடித்த சீத்தாப்பழத்தின் இனிப்பு வாசனையும் வந்தது. பயம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அவருக்கு இத்தனை வயசில் அன்றைக்குத்தான் தெரிந்தது.

கிழக்கே ஹாரன் கேட்டது. தக்காளி ஏற்றும் மெட்டடார் வேன் ஒன்று சேற்றில் வழுக்கிக்கொண்டு வந்து கேட் கம்பத்தை முட்டாத குறையாக நின்றது. அது நிற்பதற்குள் சவரி குதித்தான். பின்னால், தக்காளிக் கூடை வைக்கும் இடத்தில், கயிற்றுக் கட்டிலோடு ராயம்மாளைத் தூக்கி வைத்திருந்தார்கள். தூறல் படாமல் இருக்கக் கட்டிலின் மேல் வளைத்து ஒரு தார்ப்பாயைக் கட்டியிருந்தார்கள். செல்லம்மாள் பக்கத்தில் குந்தியிருந்தாள். குழந்தை குறுக்கே திரும்பிவிட்டது, கை வெளியே வந்துவிட்டது, தருமபுரி பெரியாஸ்பத்திரியில் அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். அதைச் சொன்ன பிறகு குரலைத் தாழ்த்தி, தாமதமானால் இரண்டு உயிரும் இல்லை என்றும் சொன்னாள்.

மரியசூசை பெட்டியைப் பற்றியும், மாற்றுச் சாவியோடு போர்ட்டர் இன்னும் வந்து சேராததையும் சொன்னார். சவரிக்குக் காதில் ஏறவில்லை. உள்ளே ஓடிச் சாவியைப் பிடித்துத் திருகினான். பெட்டியைக் குத்தினான். கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்க் கம்பத்தின் பூட்டை நெம்பினான். ரயில்வே இரும்பு. கடப்பாரைதான் வளைந்தது.

“எந்த வண்டி மாமா? வண்டியே இல்லாத லைனுக்கு என்னா எழவுக்குக் கேட்டு?” என்று அவன் அழுகிற குரலில் கேட்டான்.

அதற்கு மரியசூசையிடம் பதில் இருந்தது. சொல்கிற பதிலா அது? அவர் வேனின் பின்னால் போனார். லாந்தர் வெளிச்சத்தில் மகளின் முகம் மஞ்சளாக இருந்தது. உதடு கடித்து ரத்தம் கட்டியிருந்தது. பெண்டாட்டி போன பிறகு இந்த உலகத்தில் அவருக்கென்று இருக்கிற ஒரே உயிர். இவளும் போய்விட்டால் நான் எதற்கு என்று நினைத்துக்கொண்டார். ராயம்மாள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வலி வந்தது. உடம்பை முறுக்கிக்கொண்டு கத்தினாள்.

“அம்மா…”

கேட் ரூமுக்குள் சிவப்பு பல்ப் ஒரு தரம் துடித்தது. தண்டவாளத்தின் முனகல் ஒரு படி ஏறியது.

மரியசூசை திரும்பிப் பார்த்தார். வேறு யாரும் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அடுத்த வலி வந்தது. மறுபடியும் அம்மா என்றாள். மறுபடியும் பல்ப் துடித்தது. முனகல் இன்னும் கிட்டே வந்தது. மூன்றாவது வலிக்கு அவருக்குச் சந்தேகம் இல்லை. இவள் கூப்பிடக் கூப்பிட அங்கே யாரோ வேகத்தைக் கூட்டுகிறார்கள். வரலாம் என்று மணியில் சொன்னது அவர். எங்கே வரவேண்டும் என்று வழி சொல்லிக்கொண்டிருப்பது இவள்.

அவர் குனிந்து மகளின் காதோரம் சொன்னார். “அம்மான்னு கூப்புடாத கண்ணு. அப்பா சொல்றேன். வேற என்னா வேணும்னாலும் சொல்லு. அம்மான்னு மட்டும் சொல்லாத.”

செல்லம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பைத்தியம் பிடித்துவிட்டதா இந்த மனுஷனுக்கு என்று அவள் நினைத்தது முகத்தில் தெரிந்தது. “வலியில கெடக்கிற புள்ள அம்மான்னு கத்தாம வேற என்னான்னுங்க கத்தும்?” என்றாள்.

யேசுவே என்று சொல்லச் சொன்னார். ராயம்மாள் நல்ல பிள்ளை. சின்ன வயசிலிருந்தே அப்பா சொல்லைத் தட்டாதவள். அடுத்த வலிக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு யேசுவே என்றாள். தண்டவாளம் பேசாமல் இருந்தது. அவருக்கு உயிர் வந்தது. அதற்கடுத்த வலிக்கும் அப்படியே. அதற்கும் அடுத்தது பெரிய வலி. கண் சொருகி, வாய் கோணி, எதைச் சொல்கிறோம் என்று தெரியாமல் அவள் கூப்பிட்டது, சின்னதிலிருந்து மாதா கோவிலில் மண்டியிட்டுக் கூப்பிட்டுப் பழகிய பேர்.

“மாதாவே… என் தாயே…”

பல்ப் துடிக்கவில்லை. பிரகாசமாக எரிந்தது. இத்தனை நாளில் அது அவ்வளவு வெளிச்சமாக எரிந்து அவர் பார்த்ததில்லை.

மேற்குப் பக்கக் கேட்டுக்கு வெளியே ஒரு காலி லாரி வந்து நின்றிருந்தது. கல் ஏற்ற வந்த லாரி. டிரைவர் நஞ்சப்பன் இறங்கி வந்து, கம்பத்துக்கு அடியில் குனிந்து இந்தப் பக்கம் வந்து விவரம் கேட்டான். கேட்டதும் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கட்டிலோடு தூக்கிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டி வந்துவிடுங்கள், பின்னால் வைக்கோல் கிடக்கிறது, விரித்துப் படுக்க வைத்து ஹைவேயைப் பிடித்தால் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்றான். அவனோடு வந்த லோடுமேனையும் கைதட்டிக் கூப்பிட்டான்.

சவரி மாமனாரைப் பார்த்தான். எல்லோரும் பார்த்தார்கள். இது கேட்டுக்காரர் சொல்ல வேண்டிய சொல். லைனில் வண்டி இருக்கிறதா, இல்லையா?

மரியசூசை தெற்கே பார்த்தார். ஒரு விளக்கும் இல்லை. வடக்கே பார்த்தார். ஒன்றும் இல்லை. கண்ணுக்குத் தெரிந்தவரை வண்டி இல்லை. காதுக்கும் மூக்குக்கும் வண்டி கிட்டத்தில் நிற்கிறது. போக வேண்டாம் என்று சொன்னால் மகள் இந்த வேனிலேயே செத்துப்போவாள், அது நிச்சயம். போகச் சொன்னால்? அது தெரியாது. நிச்சயமானதுக்கும் தெரியாததுக்கும் நடுவில் ஒரு தகப்பன் எதை எடுப்பான்?

“தூக்குங்க,” என்றார்.

செல்லம்மாள் டார்ச்சை எடுத்துக்கொண்டு, வைக்கோல் விரிக்க முன்னாலேயே லாரிக்கு ஓடினாள். சவரி, வேன் ஓட்டி வந்தவன் மாது, நஞ்சப்பன், லோடுமேன், நான்கு பேரும் நான்கு காலைப் பிடித்துக் கட்டிலை இறக்கினார்கள். கம்பத்துக்கு அடியில் உட்கார்ந்து நகர்த்தி, உள்ளே வந்து தோளில் ஏற்றினார்கள். தார்ப்பாய்க்கு உள்ளே ராயம்மாள் முனகிக்கொண்டிருந்தாள். மரியசூசை லாந்தரோடு முன்னால் ஓடித் தண்டவாளத்தின் ஓரத்தில் நின்றார். தெற்கே பார்த்து, இருட்டைப் பார்த்து, தன் பெண்டாட்டியிடம் பேசுகிற குரலில் பேசினார். செத்தவளிடம் இப்படிக் கெஞ்சுவோம் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

“மதலேனா. நீ பெத்த புள்ளதான், நான் இல்லேங்கல. அவளுக்கு இன்னும் வாழுற வயசு. ஒரு வாட்டி எனக்காக வுட்டுட்டுப் போயிடு.”

தண்டவாளத்தின் முனகல் நின்றது. முழுசாக நின்றது. அவருக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது. கேட்டுவிட்டாள், மதலேனம்மாள் எப்போது தன் பேச்சைக் கேட்காமல் இருந்தாள், கேட்டுவிட்டாள்.

நான்கு பேரும் முதல் தண்டவாளத்தைத் தாண்டிக் கால் வைத்தார்கள்.

வலி வந்தது.

“அம்மா…”

“தோ வந்துட்டேன் கண்ணு.”

பதில் பக்கத்தில் கேட்டது. கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், தலைக்குக் கொஞ்சம் மேலே. ரயில் பெட்டியின் வாசல் இருக்கும் உயரத்தில்.

லாந்தர் சுடர் சாய்ந்தது. காற்று இல்லை. சுடர் வடக்கே சாய்ந்தது. சாய்ந்தபடியே நின்றது. நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது. ஒரு பெட்டி. ஒரு இடைவெளி. ஒரு பெட்டி. ஒரு இடைவெளி. பீடி. வேர்வை. சுண்ணாம்பு. வாடின மல்லிகை. பழம்.

அவர் கத்த வாயைத் திறந்தார். குரல் வரவில்லை.

கட்டில் நடு லைனில். நான்கு பேரும் குனிந்த தலையோடு. ஒருவரும் நிமிரவில்லை. ஒருவர் காதிலும் விழவில்லை.

அவள் குரல். கணீரென்று. எந்தக் கூட்டத்திலும் வழி பண்ணிக்கொள்கிற குரல்.

“தள்ளி உக்காருங்க. புள்ளத்தாச்சி ஏறுது. கொஞ்சம் எடம் வுடுங்க.”

நகர்ந்தார்கள். பலகையில் சேலை உரசும் சத்தம். கூடையை இழுத்து ஒதுக்கும் சத்தம். வாம்மா, வாம்மா, பாத்து ஏறு. யார் யாரோ. நல்ல மனுஷர்களின் குரல்.

கதவு சாத்திக்கொண்டது. படார். அடுத்த பெட்டியின் கதவு. அதற்கடுத்தது. ஒவ்வொன்றாக, வரிசையாக, வடக்கே போய்க்கொண்டே.

சுடர் நிமிர்ந்தது.

கேட் ரூமுக்குள் ‘டக்’ என்று சத்தம். பெட்டி சாவியை விட்டுவிட்டது. சிவப்பு அணைந்திருந்தது. சக்கரம் மிதித்தாயிற்று; வண்டி போயாயிற்று.

நான்கு பேரும் இரண்டாவது தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டார்கள். சத்தம் கேட்டு மாது திரும்பிப் பார்த்து, சாவி வந்துடுச்சு போல இருக்குதுங்க என்றான். சவரி நிற்கவில்லை. அவன் முகத்தில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. நடந்துகொண்டே, மாமனாருக்குத் தைரியம் சொல்கிற மாதிரி, தோளுக்கு மேலாகச் சொன்னான்.

“பயத்துல கனமே தெரியலைங்க மாமா.”

மரியசூசை லாந்தரை உயர்த்தினார். கட்டில் அவருக்கு முன்னால், லாரியின் விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே போய்க்கொண்டிருந்தது. தார்ப்பாய் மேலே வளைந்து கூடாரம் போல நின்றது. அதன் கீழே, பின்னிய கயிறு தெரிந்தது. ஆள் படுத்த கயிறு தொய்ந்து, வயிறு வைத்துத் தொங்கும். இது தொய்யவில்லை. கடையிலிருந்து வாங்கி வந்த அன்றைக்கு இருப்பது போல நேராக, இறுக்கமாக இருந்தது. ஒரு துளி, இரண்டு துளி, கயிற்றின் இடுக்கு வழியாகக் கீழே சொட்டியது. மழைத் தண்ணீர் இல்லை.

வடக்கே, தருமபுரிப் பக்கம், லைனில் ரொம்ப தூரத்தில், ஒரு பச்சைக் குழந்தை அழுதது. அப்போதுதான் பிறந்த குழந்தையின் அழுகை. அதை வேறு எதுவாகவும் எடுத்துக்கொள்ள முடியாது. அழுகை ஒரே வேகத்தில் தள்ளித் தள்ளிப் போனது. என்னா கொழந்தைங்க என்று யாரோ ஒருவர் கேட்டார். பொட்டப்புள்ள என்று மதலேனம்மாள் சொன்னாள். பெட்டி முழுக்கச் சிரித்தார்கள். வளைவில் திரும்பியதும் அந்தச் சத்தமும் தேய்ந்தது. குட்டைகளில் தவளைகள் ஒவ்வொன்றாக ஆரம்பித்தன.

லாரிக்குப் பின்னால் செல்லம்மாள் வைக்கோலைத் தட்டிச் சமன் பண்ணிவிட்டு, கையை நீட்டிக்கொண்டு நின்றாள். மெதுவா, மெதுவா, தலைமாட்டை முதல்ல குடுங்க என்றாள். பயப்படாத ராயி, வந்துட்டோம் என்று சவரி தார்ப்பாய்க்குள் சொன்னான். மரியசூசையின் வாய் திறந்தபடி இருந்தது. நான்கு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கட்டிலை, அலுங்காமல் குலுங்காமல், லாரிக்குள் ஏற்றினார்கள்.